சொல்லிவைத்த புரை

என் அக்காவுக்குக் கண்புரை என்று மாமா ஊருக்குச் சொன்னபோது அவளுக்குக் கண்புரை இல்லை. உண்மையாகவே புரை வந்தபோது அதை எடுக்கக்கூடாது என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் அக்காவின் நல்ல வயது போய்விட்டது. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். அடங்குகிற வழியாகத் தெரியவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன்.

மாமா என்றால் எங்கள் அம்மாவின் தம்பி. அக்காவை அவருக்குத்தான் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். எங்கள் பக்கத்தில் இதில் வியக்க ஒன்றும் இல்லை. மாமாவுக்குப் பாலவனத்தத்துக்குத் தெற்கே கரிசல் காடு. மழையை நம்பிய காடுதான். கொத்தமல்லி, மிளகாய், ஒரு பக்கம் பருத்தி. நான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் பார்க்கிறேன். எந்த பெல்ட் எந்த அடுக்கில், எந்த பேரிங் எந்தப் பெட்டியில் என்று விளக்குப் போடாமல் எடுத்துக் கொடுப்பேன். மில்லில் அதைப் பெரிய திறமையாகப் பேசுவார்கள். அந்தப் பழக்கம் மில்லில் வந்ததில்லை. அக்காவோடு ஒரே வீட்டில் வளர்ந்ததில் வந்தது.

திருச்சுழிப் பக்கத்தில் எங்கள் வீடு. பொழுது சாய்ந்தால் அக்காவுக்குக் கண் தெரியாது. வாளியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டால் அவள் முழங்கால் எலும்பில் இடிக்கும். கதவைப் பாதி திறந்து வைத்தால் நெற்றியில் இடிக்கும். அதனால் எங்கள் வீட்டில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவருக்கு அடி விழும். நான்தான் அதிகம் வாங்கினேன்.

மாலைக்கண் என்றார்கள். பொன்னாங்கண்ணிக் கீரை, முருங்கைக் கீரை, ஆட்டு ஈரல். கிடா வெட்டுகிற வீடு எங்கே இருந்தாலும் அம்மா போய் ஈரல் கேட்டு வாங்கி வந்து, பாதி வெந்தும் வேகாமலும் அக்கா வாயில் திணிப்பாள். அக்கா குமட்டிக்கொண்டே விழுங்குவாள். கண் ஒன்றும் தெளியவில்லை. சத்துக் குறைவால் வருகிற மாலைக்கண் வேறு, இது வேறு என்று சொல்ல அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர்கூட இல்லை. அப்பாவுக்கு இது ஒரு நோயாகவே தெரியவில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரியில வெளிய என்ன சோலி? கண்ணு தெரியாட்டா என்ன?"

இதை அவர் சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பெண்கள் காட்டுப் பக்கம் ஒதுங்குவது இருட்டில்தான். விடிவதற்கு முன்பும் பொழுது அடைந்த பிறகும் மட்டும். எல்லாப் பெண்களும் இருட்டுக்காகக் காத்திருப்பார்கள். அக்காவுக்கு அந்த இருட்டில் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவாள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடமாட்டாள். பசிக்கவில்லை என்பாள். ராத்திரி வெளியே சோலி இல்லாத பெண் என்று அப்பா சொன்னது இவளைத்தான்.

வெளியே பெண் கொடுத்தால் கேள்வி வரும் என்று மாமாவுக்குக் கொடுத்தார்கள். சொந்தம் என்றால் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். மாமா தெரிந்துதான் கட்டினார். அவர் அவளை அடித்ததில்லை, வைததும் குறைவு. சமையலறை வாசலிலிருந்து பின்கட்டுக் கழிப்பறை வரைக்கும் ஒரு கயிறு கட்டிவிட்டவர் அவர்தான். அதில் வெள்ளைத் துணியை முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். இதையும் எழுதியாக வேண்டும்.

பொய் பிறந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். பாளையம்பட்டியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அக்காவுக்கு அப்போது பக்கவாட்டுப் பார்வையும் சுருங்கத் தொடங்கியிருந்தது. நேரே பார்த்தால் ஊசியில் நூல் கோப்பாள். பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. பந்தியில் உட்காரப் போனவள், முதல் வரிசையில் போட்டிருந்த இலையை மிதித்துவிட்டாள். பரிமாறியிருந்த பாயசம் சேலையெல்லாம் ஆகிவிட்டது. அந்த இலைக்கு உட்கார்ந்திருந்தவர் ஒரு பெரிய மனிதர்.

"என்னம்மா, கண்ணு பெடரியிலயா இருக்கு?" என்று கேட்டார்.

சுற்றி எல்லாரும் பார்த்தார்கள். மாமா சட்டென்று முன்னால் வந்து, "புரை விழுந்துருக்கு சித்தப்பா. டாக்டர்ட்டக் காமிச்சாச்சு. முத்தட்டும், எடுத்துருவோம்னு சொல்லியிருக்காக" என்றார்.

"அட, இந்த வயசுலயா? பாவம்" என்று அவர் இலையை மாற்றச் சொன்னார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

புரை என்பது எங்கள் ஊரில் கௌரவமான நோய். எல்லா வீட்டிலும் யாருக்காவது வரும். யாரையும் பெண் கேட்கத் தயங்க வைக்காது. மாமா பெரிய ரகசியம் ஒன்றைக் கண்டுபிடித்தவர்போல வீடு திரும்பினார். அன்று முதல் அக்கா எங்கே தடுக்கினாலும் புரை, எதைத் தட்டிவிட்டாலும் புரை. ஊரும் ஒவ்வொரு பொங்கலுக்கும் "முத்திருச்சா?" என்று விசாரிக்கும். அக்காவின் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையும் சிநேகிதிகளிடம் அதையே சொன்னது.

பிறகு உண்மையான புரை வந்தது. அக்காவுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பாலவனத்தத்துக்குப் போவது வழக்கம். ஒரு ஞாயிறு, உச்சி வெயில். அக்கா களத்தில் மிளகாய் வற்றல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளுத்த வற்றலைத் தனியே எடுத்துவிட்டு நல்ல வற்றலைச் சாக்கில் கட்ட வேண்டும். அவள் ஒவ்வொரு வற்றலாக எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, தலையைச் சாய்த்து, கையை நெற்றிக்குக் குடைபோல வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நெறம் தெரியலையா?"

"ஏலே, எனக்கு இப்ப பகலும் போகுதுடா" என்றாள். "எல்லாம் வெள்ளப் பொகையா இருக்கு. வெயில் ஏறஏற ஒண்ணும் தெரியல. பொழுது சாயுற நேரம் கொஞ்சம் நல்லாத் தெரியுது. அதுக்குள்ள இருட்டிருது."

மாமா வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். "கேட்டியா மாப்ள? நேத்து வரைக்கும் இருட்டுனாத் தெரியாது. இப்ப வெளிச்சத்துலயும் தெரியாதாம். மஞ்ச வெயில்ல மட்டும் தெரியுதாம். ஒங்கக்கா நேரங்காலம் பாத்துக் குருடாவா" என்றார்.

பக்கத்தில் வற்றல் பொறுக்கிய பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து சிரிக்காவிட்டால் இன்னும் பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அதன்பிறகு அவள் தன் நாளை மாற்றிக்கொண்டாள். அரிசியில் கல் பொறுக்குவது, ரவிக்கைக்குக் கொக்கி தைப்பது, மகளின் நோட்டில் கையெழுத்துப் போடுவது, எல்லாம் விடிந்த உடனேயும் பொழுது அடைவதற்கு முன்னாலும். நடுப்பகலில் திண்டாடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பாள். எங்கள் பக்கத்தில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் நடுப்பகல் வெயில்தான். மேகம் மூடிய நாள் வந்தால் அக்காவுக்குத் திருவிழா.

மருத்துவமே பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு கண் முகாம் போட்டார்கள். வரிசையில் நின்றோம். டார்ச் அடித்துப் பார்த்த பையன், "புரை இருக்கு, ஆனா முத்தல. அடுத்த வருசம் வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டான். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் சொல்லிவைத்த அதே வாக்கியத்தை ஒரு முகாமே சொல்லிவிட்டதே. அடுத்த வருஷமும் அதே பதில். இதற்கு நடுவில் நான் அவளை டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இருட்டில் தெரியாது என்று கேட்டதுமே பேனாவை மூடிவிட்டார். "இது பரம்பரையா வர்ற விழித்திரை நோய். மருந்து கெடையாது. வீட்டுல பத்திரமா வச்சுப் பாத்துக்கங்க" என்றார். வெயில் கூசுகிறது, பகலில் புகையாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். "எல்லாம் அதுதாம்மா" என்றார். சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்க்கவில்லை.

ஒருவர் புரையைப் பார்த்தார், பின்னால் இருந்த நோயைப் பார்க்கவில்லை. இன்னொருவர் நோயைக் கேட்டார், முன்னால் இருந்த புரையைப் பார்க்கவில்லை. இருவருக்கும் நடுவில் வருஷங்கள் போயின. நான் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்த வருஷங்களில் 'அக்கா கண் அப்படியே' என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எதுவும் அப்படியே இருக்கவில்லை என்பது மதுரையில்தான் தெரிந்தது.

மதுரைக்குப் போக நான் முடிவு செய்ததற்குக் காரணம் ஒரு பஸ். அக்கா பட்டப்பகலில் நிறுத்தத்தில் நின்று, அருப்புக்கோட்டை பஸ் என்று நினைத்து விருதுநகர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. இறங்கி, ரோட்டைக் கடக்க நின்றபோது ஒரு லோடு வேன் அவளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. மறுவாரம் மில்லில் லீவு சொல்லி அவளை மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே பார்த்த டாக்டரம்மா இளம் வயது. சொட்டு மருந்து விட்டுக் காக்க வைத்தார்கள். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அக்கா அமுக்கவே இல்லை. இயந்திரம் கெட்டுவிட்டதா என்று கேட்டாள். நடுவுக்கு வந்தபோதுதான் அமுக்கத் தொடங்கினாள். விழித்திரையைப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, அக்காவைப் பார்த்தே பேசினார். கூட வந்த ஆம்பிளையைப் பார்த்துப் பேசாத முதல் டாக்டர் அவர்.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு நோய் இருக்கு. ஒண்ணு கண்ணுக்குப் பின்னாடி, விழித்திரையில. அது பிறவியில வந்தது. ஓரத்துல இருந்து செத்துக்கிட்டே நடுவுக்கு வருது. அதைத் திருப்ப என்கிட்ட மருந்து இல்ல. ரெண்டாவது, முன்னாடி லென்ஸ்ல புரை. இந்த விழித்திரை நோய் உள்ளவங்களுக்குப் புரை சின்ன வயசுலயே வரும். நெறையப் பேருக்கு வருது."

"அது என்னத்துக்கும்மா வருது? அதுவும் பரம்பரையா?" என்று அக்கா கேட்டாள்.

"பின்னாடி செத்துப்போற செல்லுல இருந்து வர்ற கழிவும் அதனால உண்டாகுற அழற்சியும் லென்ஸைக் கெடுக்குதுன்னு நினைக்கிறோம். முழுசாத் தெரியாது. ஆனா எங்க வருதுன்னு தெரியும். லென்ஸோட பின்பக்கம், நட்ட நடுவுல. உங்களுக்கு மிச்சம் இருக்கிற பார்வையும் நட்ட நடுவுலதான். ஒரு குழாய் வழியாப் பாக்குறீங்க. அந்தக் குழாய்லயே பஞ்சை அடைச்ச மாதிரி."

அக்கா கேட்டாள். "வெயில்ல தெரியாம, மஞ்ச வெயில்ல தெரியுதே, அது?"

"வெயில்ல கண்மணி சுருங்கும். அப்ப வெளிச்சம் அந்தப் பஞ்சு வழியாத்தான் உள்ள போகணும். மங்கல் வெளிச்சத்துல கண்மணி விரியும், பஞ்சைச் சுத்திக் கொஞ்சம் வெளிச்சம் போகும். அதான் நல்லாத் தெரியுது. இன்னும் இருட்டினா விழித்திரைக்கு முடியாது."

"அப்ப நான் நடிக்கல" என்றாள் அக்கா.

"நடிக்கிறீங்கன்னு யார் சொன்னா?"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சொட்டு மருந்தின் ஈரமாகவும் இருக்கலாம்.

புரை முத்தவில்லை என்று முகாமில் சொன்னதை நான் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு முகம் மாறியது. முத்தும்வரை காத்திருப்பது பழைய காலத்துப் பேச்சு என்றார். இவளைப் போன்றவர்களுக்கு அது ரொம்பத் தப்பு. நடுவில் இருக்கிற நரம்பு உயிரோடு இருக்கிறவரைக்கும்தான் புரையை எடுப்பதற்குப் பலன். வலது கண்ணில் நடுப்பகுதி இன்னும் இருக்கிறது. இடது கண்ணில் ரொம்ப மெலிந்துவிட்டது. அங்கே பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

"கொஞ்ச வருசம் முன்னாடி வந்திருந்தா ரெண்டு கண்ணுலயும் கெடைச்சிருக்கும்" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. புரை விழித்திரையைக் கெடுக்கவில்லை. விழித்திரை தன்பாட்டில் செத்துக்கொண்டிருந்தது. ஆனால் பார்க்க நரம்பு இருந்த வருஷங்களில், அதற்கு முன்னால் பஞ்சை அடைத்துவைத்து உட்கார்ந்திருந்தோம். அகற்றக்கூடிய பஞ்சு. முத்தட்டும் என்றோம். முத்துகிற நேரத்தில் எது செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆபத்துகளையும் சொன்னார். லென்ஸைத் தாங்குகிற நார் இவர்களுக்குத் தளர்ந்திருக்கலாம். எடுத்த பிறகு விழித்திரை நடுவில் நீர் கோக்கலாம். இருட்டில் தெரியாது, ஓரப் பார்வை திரும்பாது. "நடுவுல தெரியுமா?" என்று மட்டும் அக்கா கேட்டாள். "தெரியணும். எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது." "போதும்" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து சொன்னோம். மாமா முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இப்ப வேண்டாம்" என்றார்.

அக்கா மகளுக்கு அப்போது மல்லாங்கிணற்றில் இருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். அவள் படித்து முடித்து விருதுநகரில் ஒரு கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். மல்லாங்கிணற்றுக்காரர்கள் அயல், எங்கள் சொந்தம் இல்லை.

"மாப்ள, நீ வெவரமானவன். யோசிச்சுப் பாரு" என்றார் மாமா. "இத்தன வருசமாப் புரைன்னு சொல்லி வச்சிருக்கோம். இப்ப புரையை எடுத்துட்டு வந்து, அதுக்குப் பெறகும் இவ தடவுனா ஊரு என்ன கேக்கும்? புரைதான் போச்சே, இன்னும் என்னன்னு கேக்காதா? நான் என்ன சொல்ல?"

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரை இருக்கிறவரைதான் அவருடைய பொய்க்கு உயிர். அதைக் காப்பாற்ற அக்காவின் கண்ணில் புரை இருந்தாக வேண்டும்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

"சொன்னா எவன் கட்டுவான்? பெறகு திருச்சுழில ஒங்க சித்தி மகனுக்குத்தான் குடுக்கணும். சொந்தத்துல குடுத்தாக் கேள்வி இல்ல."

சித்தி மகனும் எங்கள் அம்மா பிறந்த வீட்டு ரத்தம். எந்தப் பக்கம் எண்ணினாலும் அந்தப் பிள்ளைக்கு அவன் முறை மாப்பிள்ளை. சொந்தத்துக்குள் கொடுத்துக் கொடுத்துத்தான் இது அக்காவின் கண்ணுக்கு வந்தது. அதை மறைக்க மறுபடியும் சொந்தத்துக்குள். நான் கத்திவிட்டேன். மாமா என்னை அதட்டிப் பேசியதில்லை. நானும் அவரை ஒருமையில் பேசியதில்லை. அன்றைக்கும் பேசவில்லை. ஆனால் தெருவில் கேட்கிற அளவுக்குக் கத்தினேன்.

"முகூர்த்தம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் மாமா.

சமையலறை வாசலில் நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"முத்தட்டும்னீக. பொறுத்தேன். இப்ப முகூர்த்தம் முடியட்டும்ங்கிறீக. அதுக்குப் பெறகு பேறுகாலம் முடியட்டும்பீக. நான் முடியுறதுக்குள்ள ஒரு தேதி சொல்லுங்க மாமா."

அக்கா என் பக்கம் திரும்பி, "தம்பி, நான் வாரேன்னு அந்த டாக்டரம்மாட்டச் சொல்லு" என்றாள். உள்ளே போய்ப் பையில் இரண்டு சேலை வைக்கும் சத்தம் கேட்டது.

வலது கண் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தபோது நானும் அவள் மகளும் இருந்தோம். அக்கா மகளின் முகத்தைக் கையில் பிடித்து, ஒவ்வொரு பகுதியாக, படம் பார்ப்பதுபோல மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். "மூக்குல குத்துனது கோணலா இருக்கு. யாருடி குத்துனா?" என்றாள். அந்த மூக்குத்தி போட்டு வருஷக்கணக்காகிறது.

வீடு திரும்பியதும் விசாரிப்பு. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரை ஹார்லிக்ஸ், ரொட்டி, பழத்தோடு வந்து பார்க்காமல் இருந்தால் பகை. மாமா பயந்த அதே கூட்டம் வந்தது. வந்தவர்கள் நீட்டியதை அக்கா தடவி வாங்கினாள். "இன்னும் தெரியலையா?" என்று கேட்டார்கள். மாமா ஒரு வாரத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"மதுரையில சரியாப் பண்ணல. கெடுத்துவிட்டுட்டாக. எளவட்ட டாக்டரு" என்றார்.

வாசலில் வைத்துத்தான் சொன்னார், ஆனால் அக்காவுக்குக் கண்தான் பழுது, காது இல்லை. அவள் அப்போதும் பேசாமல் இருந்தாள். எதிர் வீட்டு அம்மா விஷயம் தெரியும்வரைதான். அந்த அம்மாவுக்கு வயதான காலத்துப் புரை. வேறு ஒரு கோளாறும் கிடையாது; எடுத்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். தேதியெல்லாம் வாங்கி வைத்திருந்தது. மாமா சொன்னதைக் கேட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம்ப்பா. அவளுக்கே பண்ணித் தெரியலையாம். இருக்கிற வெளிச்சமும் போயிரும்" என்று ஆபரேஷனுக்குப் போகாமல் இருந்துவிட்டது. மகன் சொல்லியும் கேட்கவில்லை.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் மல்லாங்கிணற்று மாப்பிள்ளையின் அம்மா விசாரிக்க வந்தார். நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம். ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார். பக்கவாட்டிலிருந்து நீட்டினார். அக்கா நேரே கையை நீட்டினாள். இரண்டு கையும் சந்திக்கவில்லை. பை விழுந்து பழம் நாலாபுறமும் உருண்டது.

"புரைதான் எடுத்தாச்சே மதினி?" என்றார் அந்த அம்மா. குரலில் கேலி இல்லை, சந்தேகம் இருந்தது.

"அது வந்து, மதுரையில..." என்று மாமா தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க மாமா" என்றாள் அக்கா. பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "புரையை நல்லா எடுத்துட்டாக மதினி. நீங்க கட்டியிருக்கிற சேலையில கரை மாம்பிஞ்சு. ஒரு மாம்பிஞ்சுக்கு நூலு விட்டுப்போயிருக்கு. அது எனக்குத் தெரியுது. உங்க கை எங்கிட்டு இருக்குன்னு தெரியல. புரை வேற, இது வேற. இது எங்க வீட்டு நோவு. எனக்குப் பிறவியிலயே உண்டு. புரை இல்லாத காலத்துலயே புரைன்னு சொன்னோம். அந்த டாக்டரம்மா ஒண்ணையும் கெடுக்கல. இருந்ததைக் காப்பாத்திக் குடுத்துருக்காக."

அந்த அம்மா தன் முந்தானையைத் தூக்கிப் பார்த்தார். நூல் விட்டுத்தான் போயிருந்தது.

"எம் மகளுக்கு இருட்டுல நல்லாத் தெரியுது. வேணும்னா அவளையும் அதே ஆஸ்பத்திரியில காமிச்சுட்டு, டாக்டரம்மா சொல்றதை நீங்களே கேளுங்க. கேட்டுட்டு வேண்டாம்னா எனக்கு வருத்தம் இல்ல. சொல்லாமக் குடுத்தாத்தான் வருத்தம்."

மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மா காப்பியைக் குடித்தார், வீட்டில் கலந்து சொல்வதாகச் சொன்னார், போனார். இன்றுவரை சொல்லவில்லை. மாமா சித்தி மகன் பேச்சை மறுபடி எடுத்தார். அக்கா மகள், "என்னை யாருக்கும் கட்டிக்குடுக்கலைன்னாலும் பரவால்ல, ரத்தத்துல மட்டும் வேண்டாம்" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அக்கா எதிர் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா நம்பவில்லை. "ஒன் புருசன் அப்படிச் சொல்லலையே" என்றது. இன்னும் புரையோடுதான் இருக்கிறது. மாமாவை நான் மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பயத்தில் சொன்னது என்கிறார்கள். பயம் யாருக்கு இல்லை? அவருடைய பயத்துக்கு அவர் தன் கண்ணைக் கொடுக்கவில்லையே.

போன மாதம் ஒரு நாள், மில்லில் எனக்கு விடுமுறை. உச்சி நேரம். தெருவில் நாய்கூட இல்லாத வெயில். கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் அக்கா. தனியாக. தலையில் முக்காடு, கண்ணில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி.

"யாரோட வந்தே?"

"பஸ்ஸோட வந்தேன்" என்றாள். "போர்டைப் படிச்சேன்லே. அருப்புக்கோட்டைன்னு போட்டிருந்துச்சு. ஏறினேன்."

சொல்லிக்கொண்டே உள்ளே காலை வைத்தவள் ஒரு ஸ்டூலில் இடித்துக்கொண்டாள். மின்விசிறியைத் துடைக்க நான்தான் அதை எடுத்து நடுவில் போட்டிருந்தேன்.

"எந்தக் கூறுகெட்டவன் இதை இங்க போட்டது?"

நான் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் வைத்தேன். அவள் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். தண்ணீர் குடித்தாள். இருட்டுவதற்குள் திரும்பமுடியாது என்றால் இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றேன்.

"தங்குறேன். நாளைக்கு மத்தியானம் போறேன். இனி நான் மத்தியானத்துலதான் போவேன், மத்தியானத்துலதான் வருவேன்."

ஜன்னல் வழியே எதிர்ச் சுவரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றி, கண் கூச, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சண்டைக்கு வருகிறவள்போல என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவனாச்சே. எனக்கு எத்தன மத்தியானம் போச்சுன்னு சொல்லு."

நான் எழுதி வைத்திருந்ததெல்லாம் 'அக்கா கண் அப்படியே' என்பதுதான். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.